தட்டைத் தின்றவை

அரையாண்டுத் தேர்வில் பன்னிரண்டாம் வகுப்பு நுண்ணுயிரியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ ஒரே வாக்கியத்தை முப்பது முறைக்கு மேல் படிக்க நேர்ந்தது. நுண்ணுயிரிகளை வளர்க்கும் திட ஊடகத்தில், கடற்பாசியிலிருந்து காய்ச்சி எடுக்கும் கூழ்ப்பொருளான அகர் ஏன் சேர்க்கப்படுகிறது என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு, "அகரை எந்த நுண்ணுயிரியும் சிதைக்காது" என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளிலும் அந்த வரிக்குச் சரி போட்டு மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் சிவப்புப் பேனா அந்த "எந்த" என்ற சொல்லின் மேல் ஒரு கணம் நின்றுதான் நகர்ந்தது. அது தவறு என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு என் கையாலேயே அதைப் பார்த்தேன். பார்த்ததை என் கையாலேயே குப்பையிலும் கொட்டினேன்.

அகர் எனக்கு ஆய்வகத்தில் அறிமுகமான பொருள் அல்ல. கீழக்கரையில் நோன்பு மாதத்தில் கடல்பாசி காய்ச்சாத வீடு குறைவு. உம்மா அந்த வெள்ளை இழைகளை வெந்நீரில் ஊறவைத்து, சீனியும் பாலும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றுவார். அசர் தொழுகை முடிவதற்குள் அது இறுகியிருக்கும். கத்தியால் சாய்சதுரமாக வெட்டி வைத்தால், குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும், மே மாத வெயிலிலும், நோன்பு திறக்கும் வரை வடிவம் குலையாமல் நிற்கும். அகர் உருகுவதற்கு 85 பாகை வெப்பம் வேண்டும். உருகிய பிறகு இறுகுவதற்கோ 40 பாகைக்குக் கீழே வர வேண்டும். இந்த விந்தையான இடைவெளியை இயற்பியல் பாடமாகப் படிப்பதற்கு முன்பே நாங்கள் அதைத் தட்டில் வெட்டித் தின்றிருக்கிறோம்.

ஆய்வகத்துக்கும் அகர் சமையலறை வழியாகத்தான் வந்தது. ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவருக்கு, கோடை வெப்பத்தில் ஜெலட்டின் ஊடகம் இளகி வழிந்துகொண்டே இருந்தது. இளகாத நாளில் பாக்டீரியாவே அதைக் கரைத்துத் தின்றுவிட்டது. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சு நண்பர்களிடமிருந்து தன் குடும்பம் கற்ற அகர் கூழைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். இது 1881-இல் நடந்தது. மறு ஆண்டு காசநோய்க் கிருமி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். அந்த வரியில் ஹெஸ்ஸே தம்பதியரின் பெயர் இல்லை. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் கோபப்படுவார்கள், நியாயமான கோபம். ஆனால் என்னை உறுத்தியது அந்தக் கதையின் வேறொரு பகுதி. ஜெலட்டினைத் தின்ற பாக்டீரியா அகரைத் தின்னவில்லை என்பதுதான் அகரின் தகுதியாயிற்று. அன்று அந்த ஆய்வகத்தில் இருந்தவை பெரும்பாலும் மனிதனிடமிருந்தும் கால்நடையிடமிருந்தும் எடுத்த கிருமிகள். கடலைப் பார்த்தே இராத விருந்தாளிகளின் முன் கடலுணவை வைத்து, "யாரும் தொடவில்லை, ஆகவே இது உணவே அல்ல" என்று முடிவு கட்டியதைப் போன்றது அது.

குழிகள்

2003-இல் முதுகலை இரண்டாம் ஆண்டில் என் ஆய்வுத் தலைப்பு மிக எளியது: கடற்கரை நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை பாக்டீரியா இருக்கின்றன என்று எண்ணுவது. ஊரிலிருந்து கடல்நீரைப் புட்டிகளில் பிடித்து, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியில் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போவேன். அதை நீர்க்கச்செய்து, ஸோபெல் அகர் தட்டுகளில் பரப்பி, அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மேல்வந்த காலனிகளை, அதாவது பாக்டீரியாக் கூட்டங்களை, எண்ணுவேன். கடல் பாக்டீரியாவை வளர்க்கும் அந்த ஊடகம், அமெரிக்கக் கடல் நுண்ணுயிரியலாளர் கிளாட் ஸோபெல்லின் பெயரைத் தாங்கியது. இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, சில தட்டுகளில் காலனிகள் மேலே மேடாக நிற்காமல் கீழே அமிழ்ந்து கிடந்தன. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒவ்வொன்றும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவற்றைச் சுற்றி அகர் சரிந்து இறங்கியிருந்தது. தட்டை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் குழிகளில் நீர் மினுங்கியது. லூப் கம்பியால் ஒரு காலனியைத் தொட்டேன். கம்பி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்த் தட்டின் அடியில் "டிக்" என்று இடித்தது. அந்தச் சத்தம் இன்றும் நினைவில் இருக்கிறது. அகரின் மேல் லூப் ஓடும்போது எந்தச் சத்தமும் வராது என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

என் வழிகாட்டி தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அகர் அளவு குறைஞ்சிருக்கும்மா. ஒன்றரை சதவீதம் சரியா நிறுத்தியா?" என்று கேட்டார். நிறுத்திருந்தேன், ஆனால் கேள்வி கேட்கப்பட்டதுமே எனக்கே ஐயம் வந்துவிட்டது. மறுபடி நிறுத்து, இந்த முறை இரண்டு சதவீதம் சேர்த்துச் செய்தேன். மறுபடியும் குழிகள். தட்டில் ஈரம் தேங்கியிருக்கும் என்றார்கள், கவிழ்த்து உலர்த்தினேன். பழைய அகர்ப் பொட்டலம் என்றார்கள், புதியது வாங்கினேன். எண்ணிக்கைக்கு உதவாத தட்டு என்று குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அவற்றை ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டினேன். மொத்தம் 22 தட்டுகள் என்று அந்தக் குறிப்பேடு சொல்கிறது. வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அகரை எதுவும் தின்னாது என்று உறுதியாகத் தெரிந்தவருக்குக் குழி என்பது பிழையாகத்தானே தெரியும்? எனக்கும் அது உறுதியாகத் தெரிந்திருந்ததால்தான் நானும் கொட்டினேன்.

பாம்பனில் ஒரு காலை

இது மாறியது ஆய்வகத்தில் அல்ல. உடன் படித்த தோழியின் ஊர் பாம்பன் பக்கம். ஒரு விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, பாசி எடுக்கும் பெண்கள் கரையேறும் நேரத்துக்குக் கடற்கரையில் இருந்தோம். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பவர்கள் அவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துப் போட்ட குவியல்களைத்தான் என் பாடநூல் ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதல் இரண்டும் அகர் காய்ச்சப் போகும், மூன்றாவது ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்கு.

மணலில் பரப்பிய பாசியை ஒரு மூதாட்டி கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண் இன்னும் ஈரம் சொட்டும் கஞ்சிப் பாசியைச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் குரலை உயர்த்தினார். "ஈரத்தோட மூட்டை கட்டாதடின்னா கேக்கியா? ராத்திரியோட ராத்திரியா சூடேறி, விடியறதுக்குள்ள கொழகொழன்னு போயிரும். அப்புறம் ஏவாரி எடுப்பானா?" பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஏதோ கேட்டதுபோல, "பாசியைப் பாசியிலயே இருக்கிற அழுக்கு தின்னுரும் தாயி" என்றார்.

நான் அந்த வாக்கியத்தை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடி நின்றேன். நீர் தோய்ந்த கிராசிலேரியாவைக் குவித்து வைத்தால் அதில் உள்ள அகரின் இறுகும் வலு குறைந்துபோகும் என்பது அகர் தொழிலில் நன்கு அறியப்பட்ட இழப்பு என்பதைப் பிறகுதான் படித்தேன். அவர் சொன்ன "அழுக்கு" என்ற சொல்லில் பாசியின் சொந்த நொதிகளும் அதன் மேல் ஒட்டி வாழும் பாக்டீரியாவும் இரண்டும் அடங்கும். கடலில் ஆண்டுதோறும் இவ்வளவு பாசி வளர்ந்து, கிழிந்து, கரையொதுங்கி மறைகிறது. அகரைத் தின்ன எதுவுமே இல்லையென்றால் மன்னார் வளைகுடா இந்நேரம் கடல்பாசித் தட்டாக இறுகிப் போயிருக்க வேண்டாமா? இதை ஒரு நுண்ணுயிரியல் மாணவி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பியபோது ஒரே ஒரு குழித் தட்டு மிச்சமிருந்தது. அன்று மாலை வேகவைக்க வேண்டியது. அதன் காலனி ஒன்றை எடுத்துப் புதிய தட்டின் நடுவில் ஒரு புள்ளியாக வைத்தேன். மூன்றாம் நாள், எல்லோரும் போன பிறகு, மாவுச்சத்துச் சோதனைக்கு வைத்திருந்த லூகால் அயோடின் கரைசலைத் தட்டு முழுவதும் ஊற்றினேன். அகரும் அயோடினை ஏற்று நிறம் கொள்ளும் என்று ஒரு பழைய நூலில் பார்த்திருந்தேன். சில நிமிடங்களில் தட்டு முழுவதும் கரும்பழுப்பாயிற்று. அந்தப் புள்ளியைச் சுற்றி மட்டும், ஒரு பழைய எட்டணா அளவுக்கு, வெளிறிய மஞ்சள் வட்டம். நிறம் பிடிக்க அங்கே அகர் இல்லை. வட்டத்தின் விளிம்பு காலனியைவிட வெகுதூரம் தள்ளி இருந்தது. அதாவது பாக்டீரியா போய்ச் சேராத இடத்திலும் அகர் அறுந்து கிடந்தது. அகரை வெட்டும் நொதி என்ற தன் கத்தியை அது முன்னால் அனுப்பியிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி எழவில்லை. 22 தட்டுகளின் நினைவுதான் வந்தது.

நூறாண்டு தாமதம்

மகிழ்ச்சி வராததே நல்லது என்று அடுத்த வாரம் நூலகத்தில் தெரிந்தது. நார்வே நாட்டுத் தாவரவியலாளர் எச். எச். கிரான் 1902-இலேயே கடலிலிருந்து அகரைக் கரைக்கும் பாக்டீரியாவைப் பிரித்து, அதன் நொதிக்கு "கெலேஸ்" என்று பெயரும் இட்டிருந்தார். கோக் அந்த ஒற்றை வரியை எழுதி இருபதே ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு முன்னால் ஒரு நூற்றாண்டு முழுவதும் இது தெரிந்த செய்தி. ஆனால் பாடவரிக்குள் மட்டும் அது நுழையவில்லை. அந்த வரியை "நிலத்தில் வாழும் எந்த நுண்ணுயிரியும்" என்று திருத்திவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அதுவும் நிற்காது. மண்ணில் வாழ்ந்து நீல நிறமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் அகரைக் கரைக்கும் என்று 1942-இலேயே ரோஜர் ஸ்டேனியர் எழுதியிருக்கிறார். மருத்துவ ஆய்வகங்களில் நாம் வழக்கமாக வளர்ப்பவற்றில் பெரும்பாலானவை அகரைத் தின்னாது என்பதுதான் உண்மை. அதை அப்படியே எழுதினால் இரண்டு மதிப்பெண் விடையின் மிடுக்கு போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அகர் என்பது காலக்டோஸ் சர்க்கரையும், அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து உள்ளே மடங்கிக்கொண்ட இன்னொரு காலக்டோஸும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி. அந்த மடங்கிய சர்க்கரை இடக்கை வடிவில் இருக்கிறது. நிலத்துத் தாவரங்களின் செல்லுலோஸிலும் மாவுச்சத்திலும் அது கிடையாது. நம் குடலிலோ மாட்டுக் குடலிலோ உள்ள சாதாரண நொதிகள் பூட்டுக்குப் பொருந்தாத சாவிகளாகி நிற்பது இதனால்தான். கேரகீனன் என்ற இன்னொரு செம்பாசிச் சர்க்கரையில் சல்ஃபேட்டுக் கொக்கிகளும் தொங்குகின்றன. கடல் பாக்டீரியாவோ இந்த ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனிக் கத்தி வைத்திருக்கிறது. சங்கிலியை நடுவில் வெட்டுவது ஒன்று, துண்டை இரண்டிரண்டாக நறுக்குவது ஒன்று, சல்ஃபேட்டைக் கழற்றுவது ஒன்று. நெடுஞ்சங்கிலி உடலுக்குள் நுழையாது என்பதால் முதல் வெட்டு வெளியில்தான் நடந்தாக வேண்டும். அப்படி வெளியில் நறுக்கிய துண்டுகளைக் கத்தியே இல்லாத அண்டை பாக்டீரியாவும் பொறுக்கித் தின்னும். இந்தத் திருட்டுக்கு மறுமொழியாகச் சில இனங்கள் பெரிய துண்டுகளை வெட்டிய மாத்திரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு, மிச்ச நறுக்கலைத் தம் உறைகளுக்கு இடையிலேயே முடித்துக்கொள்கின்றன. பொதுப் பந்தியில் இலையை மூடிக்கொண்டு சாப்பிடுவதைப் போல.

இவற்றுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது பிரான்ஸின் பிரிட்டானிக் கரையில் ராஸ்காஃப் என்ற ஊரில், ஒரு செம்பாசியின் மேலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா. அதற்கு ஸோபெல்லியா கலக்டானிவோரன்ஸ் என்று பெயர். கிளாட் ஸோபெல்லின் நினைவாக வைத்த பெயர். ஸோபெல் அகர்த் தட்டையே கரைத்துத் தின்னக்கூடிய உயிருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்களே என்று நான் இன்னும் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு. என் தட்டில் இருந்தது அதுதானா, அதன் உறவா, வேறொன்றா என்று சொல்ல வழியில்லை. மரபணு வரிசை படிக்க எங்கள் கல்லூரியில் வசதி கிடையாது. தேர்வு முடிந்ததும் அந்த வளர்ப்பும் குளிர்பெட்டியில் செத்துப்போயிற்று.

குடலுக்குள் போன கத்தி

அந்த ராஸ்காஃப் பாக்டீரியா வழியாகத்தான் 2010-இல் நேச்சர் இதழில் யான்-ஹென்ட்ரிக் ஹெஹமானும் குழுவினரும் எழுதிய ஆய்வு வந்தது. ஜப்பானியர் நோரி என்று சுற்றித் தின்னும் பாசியில் போர்ஃபைரன் என்ற, அகரின் பங்காளி போன்ற சர்க்கரை இருக்கிறது. அதை வெட்டும் நொதியின் மரபணுவை ஸோபெல்லியாவில் கண்டவர்கள், வேறு எங்கே அது இருக்கிறது என்று தரவுகளில் தேடினார்கள். கிடைத்த உறவுகளெல்லாம் கடல் பாக்டீரியா, ஒன்றைத் தவிர. அது பாக்டீராய்டிஸ் பிளெபியஸ், ஜப்பானியர்களின் குடலில் வாழ்வது. 13 ஜப்பானியர், 18 வட அமெரிக்கர் ஆகியோரின் குடல் பாக்டீரியாத் தரவுகளை ஒப்பிட்டபோது அம்மரபணு ஜப்பானியர் பக்கம் மட்டுமே தென்பட்டது. எட்டாம் நூற்றாண்டிலேயே கடற்பாசியை அரசுக்கு வரியாகக் கட்டிய நாடு அது. வேகாத பாசியோடு வயிற்றுக்குள் போன ஏதோ ஒரு கடல் பாக்டீரியா, சாவதற்கு முன் தன் கத்தியைக் குடல்வாசி ஒன்றிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்த ஆய்வைப் படித்த நாளில் எனக்கு வந்த முதல் எண்ணம் சற்று அற்பமானது: அப்படியென்றால் கீழக்கரைக்காரர்களின் குடலில்? எத்தனை தலைமுறை நோன்புக் கடல்பாசி! ஆனால் உம்மா அதைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியல்லவா தந்தார். அகர் எங்கள் வயிற்றுக்குப் போயிருக்கும்; அதைத் தின்னும் பாக்டீரியா அடுப்பிலேயே செத்திருக்கும். மேலும், கதை முதலில் சொல்லப்பட்ட அளவுக்கு ஜப்பானுக்கே உரியதும் அல்ல. 2022-இல் வந்த விரிவான ஆய்வு, கடற்பாசியைச் செரிக்கும் மரபணுக்கள் வேறு பல வழிகளில், வேறு குடல் பாக்டீரியா இனங்களுக்குள்ளும் வந்து சேர்ந்திருப்பதைக் காட்டியது. இந்தத் துறையில் "மட்டும்" என்ற சொல்லும் "எந்த" என்ற சொல்லைப் போலவே நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை.

பாசியைத் தின்னும் பாக்டீரியாவை வியந்து எழுதும்போது பாம்பன் பக்கத்துப் பெண்களின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. அவர்களில் பலர் இப்போது மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற செம்பாசியை வளர்க்கிறார்கள். தொடக்கத்தில் அதற்கு ஆதரவளித்த குளிர்பான நிறுவனத்தின் பெயரால் ஊரில் அதைப் "பெப்சிப் பாசி" என்றே அழைக்கிறார்கள். அதில் கேரகீனன் கிடைக்கும். ஒரு மிதவைக்கு 45 நாள் கணக்கு. அந்த நாட்களுக்குள் கடல் சூடேறினாலோ மழைநீர் கலந்து உப்புக் குறைந்தாலோ பாசி முதலில் தளரும். பிறகு அதன் மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த பாக்டீரியா வேலையைத் தொடங்கும். கிளைகள் கண்ணாடிபோல் வெளுத்து, தொட்டால் ஒடிந்து மிதக்கும். அந்த நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்று பெயர். என் தட்டில் நான் கண்ட மஞ்சள் வட்டத்தைத்தான் அவர்கள் மிதவையில் வெள்ளையாகக் காண்கிறார்கள். எனக்கு அது பார்த்து வியக்கும் காட்சி. அவர்களுக்கு ஒன்றரை மாதக் கூலி.

இரண்டு பாட்டில்கள்

விடைத்தாள்களைக் கொடுத்த அன்று வகுப்பில் எதையும் விளக்கவில்லை. கடைத்தெருவில் வாங்கிய கடல்பாசியை, சீனியும் பாலும் இல்லாமல், வெறும் நீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றி, உம்மா வெட்டும் அதே சாய்சதுரமாக வெட்டி எடுத்துப் போனேன். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் கடல்நீர். ஒன்றில் கரையொதுங்கி அழுகிய பாசி ஒரு கைப்பிடி. இன்னொன்றிலும் அதே அளவுதான், ஆனால் பாட்டிலோடு குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்து ஆறவிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு போட்டு மூடி, ஆய்வக அலமாரியில் வைத்தோம்.

நான்காம் நாள் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒன்பதாம் நாள் முதல் பாட்டிலில் துண்டுகளின் கூர்முனைகள் மழுங்கியிருந்தன. மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள். மூன்றாம் வாரத்தில் திறந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். உள்ளே வெட்டிய வடிவம் எதுவும் இல்லை; கரண்டியால் துழாவியதில் கொழகொழப்பாக ஏதோ வந்தது. "தண்ணியில கரைஞ்சிருச்சு மிஸ்" என்றாள் ஒருத்தி. "அப்ப அதுல ஏன் கரையல?" என்று பக்கத்தில் இருந்தவள் இரண்டாவது பாட்டிலைக் காட்டினாள். அதில் இரண்டு சாய்சதுரங்களும் வெட்டிய அன்று இருந்த முனையோடு அடியில் கிடந்தன. அந்தப் பாட்டிலை மட்டும் இன்னும் கொட்டவில்லை.